இரண்டு சம்பளம், ஒரே பான் கார்டு

ஒரு கம்பெனியில் மாதம் 65,000 ரூபாய் சம்பளம். இன்னொன்றில் 55,000. இரண்டு சம்பளச் சீட்டிலும் வருமான வரிப் பிடித்தம் என்ற இடத்தில் பூஜ்யம். மார்ச் வரை நிம்மதி. ஜூலையில் இரண்டு ஃபார்ம் 16-ஐயும் ஆடிட்டரிடம் நீட்டினால், கூட்டிப் பார்த்துவிட்டு 88,140 ரூபாய் வரி கட்ட வேண்டும் என்கிறார். தாமதத்துக்கு வட்டி தனி. அது கிட்டத்தட்ட 8,000 ரூபாய்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு கம்பெனியும் சட்டப்படிதான் கணக்குப் போட்டன. இந்த ஆளுக்கு நாம் கொடுப்பது மட்டும்தான் வருமானம் என்று இரண்டுமே நினைத்துக்கொண்டன, அவ்வளவுதான்.

இப்படி இரண்டு வேலை பார்ப்பவர்கள் இருக்கும் ஊருக்குச் சென்னையின் புழல் ஓர் உதாரணம். புழல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குச் சிறை நினைவுக்கு வரும், சென்னைக்காரர்களுக்கு ஏரி. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஒரு கூட்டு ரோடு. பெருங்களத்தூரில் கிளம்பும் பைபாஸ் வந்து ஜி.என்.டி. சாலையைத் தொடும் இடம். வடக்கே போனால் செங்குன்றம் அரிசி ஆலைகள். கிழக்கே மாதவரம், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகள், அதையும் தாண்டினால் திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளும் துறைமுகமும். பைபாஸ் பிடித்தால் அம்பத்தூர் எஸ்டேட். நாலு திசையிலும் ஷிப்டு வேலை இருக்கிற ஊரில், ஒரு ஷிப்டு முடித்துவிட்டு 'சைடுல' இன்னொன்று பார்ப்பது அதிசயமில்லை. காலை ஷிப்டு முடித்துச் சாயங்காலம் உணவு டெலிவரிக்குப் போகிறவர், யார்டில் பில் போட்டுவிட்டு இரவில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறவர், தவணையில் 'குட்டி யானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் என்று பலவகை.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு பயம் உண்டு. கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்று, வருமான வரியில் மாட்டிக்கொள்வோமோ என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் பிறக்கிறது. முதலாளிக்குத் தெரியக் கூடாது என்பதற்காக வரிக் கணக்கிலும் இரண்டாவது வருமானத்தை விட்டுவிடுகிறார்கள். வரிச் சட்டத்தில் இரண்டாவது வேலைக்குத் தடையே கிடையாது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192(2) பிரிவு, ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் சம்பளம் வாங்குபவர் என்ன செய்யலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. துறைக்கு வேண்டியது வரி. முதலாளி அனுமதித்தாரா என்று அது கேட்பதில்லை.

பூஜ்யமும் பூஜ்யமும் சேர்ந்தால்

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15 என்று ஏறுகிறது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய். கழிவு போக வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் 87ஏ பிரிவின்படி வரி முழுவதும் தள்ளுபடி. அதனால்தான் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரி இல்லை என்று பேசிக்கொள்கிறோம்.

மேலே சொன்ன ஆளின் முதல் சம்பளம் ஆண்டுக்கு 7.8 லட்சம், இரண்டாவது 6.6 லட்சம். தனித்தனியே பார்த்தால் இரண்டுமே எல்லைக்குள் இருக்கின்றன. இரண்டு கணக்குப் பிரிவும் ஆளுக்கு 75,000 கழித்து, ஆளுக்கு ஒரு தள்ளுபடியும் கொடுத்துவிட்டன. இந்தச் சலுகைகள் எல்லாம் தலைக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று அல்ல. கூட்டினால் 14.4 லட்சம், ஒரே ஒரு முறை 75,000 கழித்தால் 13.65 லட்சம். 12 லட்சம் தாண்டியதால் தள்ளுபடியும் போயிற்று. முதல் படிக்கு 20,000, அடுத்த படிக்கு 40,000, மிச்சமுள்ள 1.65 லட்சத்துக்கு 24,750. மொத்தம் 84,750. அதற்கு மேல் 4 சதவீத செஸ் 3,390. அந்த 88,140 இப்படித்தான் வந்தது.

வட்டி எதற்கு? பிடித்தம் போக ஆண்டுக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வருமென்றால், அதை ஆண்டு முடிவதற்குள் தவணையாக முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். ஒன்றுமே கட்டாமல் ஜூலையில் மொத்தமாகக் கட்டினால் 234பி, 234சி என்ற இரண்டு பிரிவிலும் மாதம் 1 சதவீதக் கணக்கில் வட்டி ஏறுகிறது. சம்பளக்காரர்கள் பலர் முன்கூட்டிய வரி என்பது வியாபாரிகள் சமாச்சாரம் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டாவது சம்பளம் வந்த நாளிலிருந்து அது உங்கள் சமாச்சாரமும்தான்.

தப்பிக்க எளிய வழி ஃபார்ம் 12பி. இரண்டு முதலாளிகளில் யாராவது ஒருவரிடம் இன்னொரு இடத்துச் சம்பளம், அங்கே பிடித்த வரி ஆகிய விவரங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அவர் இரண்டையும் கூட்டி வரி பிடிப்பார். நம் உதாரணத்தில் ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் மாதம் 7,345 ரூபாய் போயிருக்கும். ஜூலையில் நெஞ்சு அடைத்திருக்காது. யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம். அதிகம் சம்பளம் கொடுக்கும் இடத்தில் கொடுப்பது வசதி, பிடிப்பதற்கு அங்கேதான் இடம் இருக்கும். கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு பேருக்குமே சொல்ல மனமில்லையா, மேலே சொன்ன நாலு தேதிகளில் நீங்களே ஆன்லைனில் சலான் போட்டு வரியைக் கட்டிவிடலாம். முதலாளியிடம் வாய் திறக்காமலும் அரசாங்கத்திடம் நேர்மையாக இருக்க முடியும் என்பதைப் பலர் யோசித்தே பார்ப்பதில்லை.

மறைத்தால் மறைந்துவிடுமா என்றால், அந்தக் காலம் போய்விட்டது. இரண்டு கம்பெனியும் காலாண்டுக்கு ஒரு முறை உங்கள் பான் எண்ணைப் போட்டுத்தான் அறிக்கை அனுப்புகின்றன. அது 26ஏஎஸ் அறிக்கையிலும், 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் வந்து உட்கார்ந்துவிடும். ஏ.ஐ.எஸ். என்று ஆடிட்டர்கள் சொல்வது இதைத்தான். கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். நீங்கள் மறந்த டெபாசிட் வட்டிகூட அதில் இருக்கும்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எல்.ஐ.சி. ரசீதையும் வாடகை ரசீதையும் இரண்டு அலுவலகத்திலும் கொடுத்து இரண்டு முறை கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. 80சி-க்கு மொத்த வரம்பு 1.5 லட்சம்தான், எத்தனை முதலாளி இருந்தாலும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிப் பார்க்கலாம், வரியும் வட்டியும் கட்டத்தான் வேண்டும்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சம்பளத்தில் வரி பிடிக்கும் 192-ஆம் பிரிவு அதில் 392 ஆகிவிட்டது. மார்ச் வரை சம்பாதித்ததற்குப் பழைய சட்டமே பொருந்தும். எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. ஆள் ஒருவர், வருமானம் மொத்தம், வரி அந்த மொத்தத்துக்கு.

சம்பளம் என்ற பெயரில்லாத சம்பளம்

இரண்டாவது இடத்தில் பெரும்பாலும் சம்பளம் என்று கொடுப்பதில்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொந்தரவு வேண்டாமென்று 'கன்சல்டன்ட்' என்று எழுதிக் கட்டணமாகக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்க கௌரவமாக இருக்கும். நடைமுறையில் உங்கள் ஆண்டுத் தொகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 194ஜே பிரிவில் பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இரவில் கணக்கு எழுதி மாதம் 25,000 வாங்குகிறவருக்கு ஆண்டில் 30,000 ரூபாய் இப்படிப் போகிறது. அவருடைய பகல் வேலைச் சம்பளம் 7.2 லட்சம் என்று வையுங்கள். அதில் 75,000 கழித்து, இந்த 3 லட்சத்தைச் சேர்த்தாலும் 9.45 லட்சம்தான். வரி கிடையாது. பிடித்த 30,000 முழுவதும் திரும்ப வர வேண்டிய பணம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் வரும். எனக்குத்தான் வரியே இல்லையே என்று சும்மா இருப்பவர்கள் அரசாங்கத்துக்கு நன்கொடை கொடுத்த மாதிரி. டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஒப்பந்தப் பணம் என்ற கணக்கில் 1 சதவீதம் பிடிப்பார்கள்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. சம்பளம் மட்டும் என்றால், இரண்டு முதலாளி இருந்தாலும் ஐ.டி.ஆர்.-1 போதும். கட்டணமோ வியாபார வருமானமோ ஒரு ரூபாய் வந்தாலும் அந்தப் படிவம் செல்லாது, 3 அல்லது 4-க்குப் போக வேண்டும். பிரவுசிங் சென்டரில் 300 ரூபாய்க்கு எல்லோருக்கும் ஐ.டி.ஆர்.-1 போட்டுக் கொடுப்பவரிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது, இந்தப் பகுதிக்கென்றே எழுதியதுபோல. 44ஏஇ பிரிவில், பத்துச் சரக்கு வண்டிகள் வரை வைத்திருப்பவர் டீசல் பில், டயர் பில் எதையும் எழுதி வைக்க வேண்டாம். மொத்த எடை 12 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்வார்கள். குட்டி யானைக்கு ஆண்டுக்கு 90,000. அதற்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000. 28 டன் லாரியானால் மாதம் 28,000, ஆண்டுக்கு 3.36 லட்சம். வண்டி ஓடியதா, துறைமுக கேட்டில் வரிசையில் நின்றதா, ஷெட்டில் கிடந்ததா என்ற பேச்சே இல்லை, உங்கள் பெயரில் இருந்தால் கணக்குதான். தவணை கட்டி முடியவில்லை, வண்டி ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. தவணையில் ஓட்டுகிறவரையே உரிமையாளராக அந்தப் பிரிவு எடுத்துக்கொள்கிறது. நிஜ லாபம் இதைவிடக் குறைவு என்று காட்ட வேண்டுமானால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவை.

பி.எஃப். எண் ஆதாரோடு இணைந்தது, ஆளுக்கு ஒன்றுதான். இரண்டு இடத்திலும் முறையாகப் பி.எஃப். பிடித்தால் ஒரே எண்ணின் கீழ் இரண்டு கணக்கு ஓடும், தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இதைக் காரணம் காட்டிப் பணம் மாற்றும் விண்ணப்பங்களை அலுவலகங்கள் திருப்பி அனுப்பியதுண்டு. அப்படி நிராகரிக்கக் கூடாது என்று 2025 மே மாதம் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் சுற்றறிக்கை அனுப்பியது. அப்படியானாலும் இரண்டு வேலையும் பதிவில் இருக்கத்தான் இருக்கும். முதல் கம்பெனிக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் பி.எஃப். உள்ள இரண்டாவது வேலையில் சேராதீர்கள்.

தொழில் வரி சின்னத் தொகை. அரையாண்டு வருமானம் 75,000-ஐத் தாண்டினால் சென்னை மாநகராட்சிக்கு 1,250 ரூபாய். ஒருவரிடமிருந்து ஓர் உள்ளாட்சி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு. இரண்டு வேலையும் மாநகராட்சி எல்லைக்குள் இருந்து, இரண்டு இடத்திலும் பிடித்தால் 5,000 ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் பிடித்ததைக் காட்டி இன்னோர் இடத்தில் நிறுத்தச் சொல்லலாம்.

பன்னிரண்டு மணி நேரக் கணக்கு

காகிதத்தை விட்டு நேரத்துக்கு வருவோம். இங்கே சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இரண்டே வரி. ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அதே நாளில் அந்தத் தொழிலாளியை இன்னொரு தொழிற்சாலை வேலைக்கு விடக் கூடாது என்றது அது. அந்தச் சட்டத்தில் நாள் என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம். அதனால் மதியம் 2 முதல் இரவு 10 வரை ஓரிடத்தில் வேலை பார்த்துவிட்டு, மறுநாள் காலை 6 மணி ஷிப்டுக்கு வேறோர் ஆலைக்குப் போனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது வேறு நாளாக இருந்தது. நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்தில்தான் வீட்டுக்குப் போவது, சாப்பிடுவது, தூங்குவது, திரும்பக் கிளம்புவது எல்லாம்.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த ஓட்டையை அடைத்திருக்கிறது. முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவரை இன்னொன்றில் வேலைக்கு விடக் கூடாது என்கிறது. நல்ல திருத்தம். கூடவே வேறொரு வாசலை அகலத் திறந்தும் விட்டது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே முன்பு தொழிற்சாலை, இப்போது 20 பேர் இருந்தால்தான். பதினைந்து பேர் நிற்கும் லேத் பட்டறையில் இரவு ஷிப்டு போட்டால் இந்தத் தடை அங்கே பொருந்தாது. தூக்கக் கலக்கத்தில் விரல் போகும் ஆபத்து பெரிய ஆலையைவிட அங்கேதான் அதிகம் என்பது பட்டறையில் நின்ற யாருக்கும் தெரியும். டெலிவரி வண்டி ஓட்டுகிறவரின் நேரத்தையோ யாருமே எண்ணுவதில்லை. பகல் எட்டு மணி நேரம் ஆலையில், இரவு ஐந்து மணி நேரம் ஜி.என்.டி. சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே இரு சக்கர வண்டியில். இதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை.

2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் கொதித்ததில் மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். அந்தப் போராட்டம் சரியானதே. ஆனால் அதே 12 மணி நேரத்தை, ஆறு நாளும், மசோதா எதுவுமில்லாமல் இரண்டு முதலாளிகளிடம் பிரித்து உழைக்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? பொதுவாக இது குற்றமல்ல, ஒப்பந்த மீறல். மத்திய மாதிரி நிலையாணைகளில், முதலாளியின் நலனுக்குக் கேடு தரக்கூடிய கூடுதல் வேலையைத் தொழிலாளி ஏற்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. நியமனக் கடிதங்கள் அதைவிடக் கறாராக, வேறு எந்த வேலையும் கூடாது என்று எழுதியிருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னார். அதற்கு முந்தைய மாதம்தான் ஸ்விகி, முன் அனுமதி வாங்கினால் வெளிவேலை பார்க்கலாம் என்று தன் அலுவலக ஊழியர்களுக்கு விதி வகுத்திருந்தது. ஆக, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள், போட்டிக் கம்பெனிப் பக்கம் போகாதீர்கள், அனுமதி கிடைக்கும் இடமென்றால் எழுத்தில் வாங்குங்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன. அவர்களுக்கு முன் அனுமதி இல்லாமல் வேறு வேலையே கிடையாது.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மாதம் 18,000 ரூபாய், 26 நாள், எட்டு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 86 ரூபாய் சொச்சம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் உண்டு. புதியதில் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால் சொந்த ஆலையில் நாலு மணி நேர ஓ.டி. கிட்டத்தட்ட 690 ரூபாய். அதே பணத்துக்கு வெளியே அதே கூலியில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் ஆட்கள் ஏன் வெளியே ஓடுகிறார்கள்? பல இடங்களில், குறிப்பாகக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு, ஓ.டி. என்று ஒற்றைச் சம்பளத்தைக் கையில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றாமல் விடுகிறார்கள். உங்கள் சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி நேரமும் அதன் விகிதமும் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்க வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இரண்டாவது வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அந்தப் புகாரை எழுதிப் பார்க்கலாம்.